காரில்லாதவளின் பார்க்கிங் இடம்

கடை வாசலில் காரை நிறுத்தும்போது எனக்கு வலிப்பு வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தர்பூசணி அடுக்கு ஒன்றுதான் சரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "பெர்னடின், மனசைத் திடப்படுத்திக்குங்க" என்றார். புற்றுநோய் என்று நினைத்தேன். "இனிமே நீங்க கார் ஓட்டக் கூடாது" என்றார். புற்றுநோயாக இருந்தால் நாலு பேர் பூங்கொத்தாவது அனுப்பியிருப்பார்கள். இதற்கு என் தெருக்காரர்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் மூடிய பாத்திரத்தில் மக்ரோனி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

என் மகன் டேரல் அரிசோனாவில் இருக்கிறான். "அம்மா, பேசாம இங்க வந்துடு. எங்க போகணும்னாலும் நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றான். டேரல் நல்ல பிள்ளை, அவன் மனைவியும் நல்லவள், அதில்தான் எனக்குப் பயம். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு ரொட்டி வாங்க வேண்டுமென்றாலும் நெடுஞ்சாலை ஏற வேண்டும். போன தடவை அங்கே தங்கியிருந்தபோது, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, யாராவது சாவியை எடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மிச்ச வாழ்நாளையும் அந்தச் சோபாவில் கழிக்க நான் தயாராக இல்லை.

ஆகவே ஊர் தேடினேன். இந்தக் கண்டத்தில் கார் இல்லாமல் வாழ ஊர் தேடுவது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. நியூயார்க்கில் கார் வேண்டாம். வாடகைக்கு மட்டும் சிறுநீரகத்தை விற்க வேண்டும். மான்ட்ரியாலில் சுகமாக இருக்கலாமாம். அது வேறு நாடு, என் வயதில் வேறு மொழி. கடைசியில் ஏரிக்கரையில் போர்ட் ஆல்டர் என்று ஓர் ஊர் கிடைத்தது. 'கார் இல்லாமல் சௌகரியமாக வாழும் நடுத்தர நகரங்களில் முதலிடம்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். முதலிடம் கொடுத்தது யார் என்று பார்த்தேன். போர்ட் ஆல்டர் நகராட்சியின் காரில்லா வாழ்வுத் துறை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேப்பிள் இல்லம் என்ற கட்டடத்தில் எனக்கு ஒரு சின்ன வீடு ஒதுக்கினார்கள். காரில்லாதவர்களுக்காகவே நகராட்சி கட்டிய கட்டடம். நிபந்தனை ஒன்றுதான்: கார் வைத்திருப்பவரோ, பார்க்கிங் இடம் வைத்திருப்பவரோ அங்கே குடியிருக்கக் கூடாது. எனக்கு இரண்டும் இல்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்கு வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். அழைப்பின் அடியில் 'போதிய இலவச பார்க்கிங் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூட்டம் காரில்லா வாழ்வுத் துறையின் அலுவலகத்தில். அது முன்பு நகரின் நடுவில்தான் இருந்ததாம். ஊழியர்களுக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் நடைபாதையே இல்லை. பள்ளத்தின் ஓரமாகப் புல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போலீஸ் கார் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது.

"உங்க கார் எங்கம்மா நின்னுபோச்சு?"

"கார் இல்லைங்க."

"திருடிட்டாங்களா?"

"இல்ல, என்கிட்ட காரே கிடையாது."

அந்தப் போலீஸ்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலை மென்மையாக்கிக்கொண்டார். "வீட்ல யாராச்சும் அடிச்சு வெளிய தள்ளிட்டாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"காரில்லா வாழ்வுத் துறைக்குப் போறேங்க. கூட்டம்."

"அங்க எல்லாரும் கார்லதானம்மா போறாங்க?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பாவம், எனக்கும்தான்.

துறையின் இயக்குநர் ஹால்வர்சன் இளைஞர். ஒழுங்காகக் கத்தரித்த தாடி, சட்டையில் சைக்கிள் படம் போட்ட பேட்ஜ். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். பிறகு மேடையேறிப் பேசினார்.

"நண்பர்களே, நான் தினமும் நாப்பது நிமிஷம் கார் ஓட்டி இந்த ஆபீஸுக்கு வர்றேன். அந்த நாப்பது நிமிஷமும் எனக்கு உங்க நெனப்புதான். கார் இல்லாதவங்க எவ்வளவு கொடுத்து வச்சவங்க! சில நாள் பொறாமையாவே இருக்கும். நானும் ஊருக்குள்ள குடிவந்துடலாம்னு ஆசைப்பட்டேன். ஆனா சொல்லுங்க, ரெண்டு காரை நான் எங்க நிறுத்துவேன்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆளுக்கொரு பரிசுப் பை கொடுத்தார்கள். அதில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் தகடு ஒன்றும், 'நான் கார் இல்லாமல் வாழ்கிறேன்' என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றும் இருந்தன. ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று பிக்கெட் என்ற பெண் அதிகாரியிடம் கேட்டேன். "கார் பின்னாடி பம்பர்ல ஒட்டுங்க மேடம், அப்பத்தான் எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

வெளியே போகும்போது அவளே என்னை நிறுத்தினாள். வருகையைப் பதிவு செய்ய என் பார்க்கிங் சீட்டில் முத்திரை குத்த வேண்டுமாம். என்னிடம் சீட்டு ஏது? வாசலில் இருந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். அது மனிதருக்குச் சீட்டுத் தருவதில்லை. கடைசியில் பிக்கெட் இரக்கப்பட்டு, தன் காரை வெளியே ஓட்டிப் போய்த் திரும்பி உள்ளே வந்து, எனக்காக ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்து, அதில் முத்திரையும் குத்தினாள். நல்ல பெண். அந்த அலுவலகத்தில் எல்லோருமே நல்லவர்கள்தான்.

கோடையில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேப்பிள் இல்லத்தின் வாசலிலேயே பஸ் நிறுத்தம். இரண்டு தெரு தள்ளி ஸ்லோவாக்கியர் ஒருவரின் ரொட்டிக்கடை. முதல் நாள் நடந்தே போய், சூடான ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே திரும்பியபோது தெருவில் நின்று அழுதுவிட்டேன். நூலகம், வலிப்பு மாத்திரை வாங்கும் மருந்துக்கடை, ஏரிக்கரை பெஞ்சு என்று எல்லாம் என் காலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. டேரல் போன் செய்தால் எடுக்க நேரமில்லாத அளவுக்கு ஊர் சுற்றினேன்.

அப்புறம் ஏரியிலிருந்து பனி வந்தது.

இரவெல்லாம் கொட்டியது. காலையில் நகராட்சியின் பனி தள்ளும் லாரிகள் வந்து, கார்கள் போவதற்காகச் சாலையைப் பளிச்சென்று சுத்தம் செய்தன. சுத்தம் செய்த பனியையெல்லாம் எங்கள் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து என் நெஞ்சு உயரத்துக்குக் குவித்தன. பஸ் வந்தது. நான் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினேன். ஓட்டுநர் ஓடெல் அந்தப் பக்கத்திலிருந்து வருத்தமாகக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார். துறைக்குப் போன் செய்தேன். பிக்கெட் எடுத்தாள்.

"ரோட்டுப் பனி எங்களுது மேடம். அதை எடுத்துட்டோமே."

"எடுத்து நடைபாதையில போட்டிருக்கீங்கம்மா."

"போட்டப்புறம் அது நடைபாதைப் பனி. பக்கத்துக் கட்டடத்துக்காரங்கதான் எடுக்கணும்."

"இது பஸ் நிறுத்தத்துல இருக்கு."

"நிறுத்தத்துல பனி வராது மேடம்."

"வந்திருக்கே."

"எங்க மேப்ல வரல" என்றாள்.

எதிர்வீட்டு ஸ்டாஷிடம் போய்ப் பனி அள்ளும் மண்வெட்டி ஒன்று இரவல் வாங்கினேன். ஸ்டாஷ் போலந்து வம்சத்துக் கிழவர், மனைவியை இழந்தவர். வீட்டைவிடப் பெரிய பிக்கப் லாரி ஒன்று வைத்திருந்தார். காலை முழுக்க அள்ளினேன். ஏறுவதற்கு வழி, பஸ் ஓரங்கட்டுவதற்கு இடம் எல்லாம் சேர்த்து ஒரு கார் நீளத்துக்குத் தரை தெரிந்தது. நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

பஸ் வந்து நடுரோட்டிலேயே நின்றது. ஓடெல் கதவைத் திறந்து அங்கிருந்தே கூப்பிட்டார். "இறங்கி வந்து ஏறிக்கம்மா. இது யாரோட இடமோ, நாற்காலி கிடக்கு."

"ஐயா, இது பஸ் நிறுத்தம். நாற்காலி என்னுது. நீங்க ஓரங்கட்றதுக்காகத்தான் நானே அள்ளினேன்."

"நீ அள்ளினியா? அப்ப சரியாப் போச்சு, உன் இடம். நான் எப்படி வண்டியை விடுவேன்? எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

நான் ஒன்றும் விளங்காமல் நடுரோட்டில் போய் ஏறிக்கொண்டேன். மாலையில் திரும்பி வந்தால் நாற்காலி அப்படியே இருந்தது. தெருவில் கார் நிறுத்த ஓர் அங்குலம் இல்லை. இடம் தேடி வட்டமடித்த கார்களெல்லாம் என் நாற்காலியைக் கண்டதும் மரியாதையாக விலகிப் போயின. ஸ்டாஷ் வந்து விளக்கினார்.

"பெர்னி, இந்த ஊர்ல சட்டமெல்லாம் அப்புறம். பனியை அள்ளி நாற்காலி போட்டுட்டா, பனி உருகற வரைக்கும் அது அள்ளினவன் இடம். பிஷப்பே வந்தாலும் அதுல காரை விடமாட்டார். மீறி விட்டான்னு வையி, காலைல நாலு டயரும் இருக்காது."

"எனக்குத்தான் காரே இல்லையே ஸ்டாஷ்."

"அது உன் சொந்த விஷயம். இடம் உன்னுதுதான்" என்றார். மறுநாள் அன்பு மிகுந்து, நாற்காலி முதுகில் சிவப்புப் பெயின்டில் என் பெயரை எழுதி வைத்தார். கீழே ஒரு பூவும் போட்டிருந்தார்.

அந்த வாரமே பிக்கெட் ஆய்வுக்கு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், பெயரைப் படித்தாள், தரையை அளந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணில் நீர் நின்றது. "உங்களை நான் நம்பினேன் மேடம்" என்றாள். பார்க்கிங் இடத்தை மறைத்ததற்காக விசாரணைக்கு வரவேண்டும், குற்றம் உறுதியானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று இரவு டேரல் பேசியபோது, தங்கள் வீட்டில் எனக்காக ஓர் அறைக்கு வண்ணம் அடித்திருப்பதாகச் சொன்னான். இளமஞ்சளாம். "அழகா இருக்கும்பா" என்றேன்.

விசாரணை காலையில் தொடங்க வேண்டும். ஊருக்குள்ளிருந்து காரில் வந்த விசாரணைக் குழு உறுப்பினர்கள் இருவருக்கும் பனியில் கார் நிறுத்த இடம் கிடைக்காததால் மதியம்தான் தொடங்கியது. நான் பள்ளத்து வழியாக நடந்துவந்து, அவர்களுக்காகக் காத்திருந்தேன். ஹால்வர்சன் நடுவில் உட்கார்ந்தார்.

"பெர்னடின், நாங்க உங்க பக்கம்தான். மனசுவிட்டுப் பேசுங்க. கார் என்ன கலர்?"

"கார் இல்லைங்க."

"சரி, இப்போதைக்கு அது எங்க நிக்குது?"

"இல்லாத கார் எங்கயும் நிக்கலீங்க."

பிக்கெட் 'வேறு இடத்தில் நிற்கிறது' என்று குறித்துக்கொண்டாள். ஓர் உறுப்பினர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்தான்மா. கார் இல்லாத ஒருத்தர் ரோட்டுல பனி அள்ளி நான் பார்த்ததே இல்ல. எதுக்கு அள்ளினீங்க?"

"பஸ் ஏற."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்ற பார்வை அது.

எனக்கு ஒரே சாட்சி ஸ்டாஷ். சர்ச்சுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "இந்தம்மாவுக்குக் கார் இல்லைங்கறது மாதா மேல சத்தியம்" என்று கம்பீரமாகத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா அந்த இடம் இந்தம்மாவோடதுதான். அதை எவனாவது இல்லைன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். கை கொப்பளிக்க அள்ளினாங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"ஸ்டாஷ், சும்மா இரு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன் உரிமையை நீ விட்டாலும் நான் விடமாட்டேன் பெர்னி" என்றார். உறுப்பினர்கள் இருவரும் பக்தியோடு தலையாட்டினார்கள்.

இடத்தை நானே துறந்துவிடுகிறேன் என்றேன். அப்படிச் செய்ய முடியாதாம். பனி உருகும்வரை அள்ளியவரின் உரிமை அள்ளியவரைவிட்டுப் போகாது. நகராட்சிச் சட்டத்தில் அது இல்லை, ஆனால் நகராட்சியே அதை மீறியதில்லை. ஹால்வர்சன் பெருமூச்சு விட்டார்.

"அடுத்த வாரம் காலைல பத்து மணிக்கு முடிவு சொல்றோம். நேர்ல வரணும். எப்படி வர்றீங்கங்கறதையும் கவனிப்போம். யாராச்சும் கார்ல கொண்டுவந்து விட்டா, அது உங்க கார்னு எடுத்துக்க வேண்டியிருக்கும். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

முடிவு சொல்லும் நாளன்று மறுபடி பனி கொட்டியது. ஸ்டாஷ் பிக்கப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கெஞ்சினார். ஏறினால் வீடு போய்விடும் என்று சொல்லிவிட்டு, சீக்கிரமே கிளம்பி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரப் பயமாக இருந்தது.

அப்போது ஹால்வர்சனின் கார் வந்தது. தீர்ப்புக்கு முன்னால் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். கடமை தவறாதவர். காரை ஓரங்கட்ட என் இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. அவர் நாற்காலியைப் பார்த்தார், பண்பாடு தடுத்தது, நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தார். "கார் இல்லைதான்" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்லிக்கொண்டார். திரும்பிப் போய்க் கிளப்பினால் சக்கரம் பனியில் சுற்றியதே தவிர கார் அசையவில்லை. பின்னால் எங்கள் பஸ் வந்து நின்றது.

ஓடெல் இறங்கி வந்து பார்த்தார். பிறகு பஸ்ஸின் கதவைத் திறந்து, "இந்தாளு நகராம நாம நகர முடியாது. இறங்கி ஒரு கை கொடுங்கப்பா" என்றார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் இரண்டு பெண்கள், ஒரு சமையல்காரர், கைத்தடியோடு ஒரு பெரியவர், நான். காரில்லா வாழ்வுத் துறையின் இயக்குநர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, கார் இல்லாத நாங்கள் பின்னால் நின்று தள்ளினோம். முழங்கால் வரை சேறும் பனியும் வாரியடித்தன. கடைசியில் கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. ஹால்வர்சன் கண்ணாடியை இறக்கினார்.

"இதுதாங்க சமூகம்! பெர்னடின், உங்களை ஏத்திக்க ஆசைதான். ஆனா விசாரணை முடியாம ஏத்தினா தப்பாப் போயிடும். பத்து மணிக்குப் பார்ப்போம்!"

நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் ஓடெலின் ரேடியோ கரகரத்தது. பஸ் மிகவும் தாமதமாகிவிட்டதாம். தாமதத்தைச் சரிக்கட்ட, எல்லோரையும் அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பி வரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இறக்கிவிட்டால் பஸ் நேரத்துக்கு ஓடியதாகக் கணக்கு. "மன்னிச்சுக்கம்மா" என்றார் ஓடெல், என் பக்கம் திரும்பாமல். மிச்ச தூரத்தை நெடுஞ்சாலைப் பள்ளத்தின் ஓரமாக நடந்தேன். இரண்டு தடவை விழுந்தேன். விழுந்த இடத்திலேயே சற்று நேரம் கிடக்கலாமா என்று தோன்றியது. வீடு ஞாபகம் வந்து எழுந்தேன்.

உள்ளே நுழைந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. என் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளம் நனைந்தது. பிக்கெட் ஓடிவந்து காகிதத் துவாலை கொடுத்தாள். ஹால்வர்சன் எழுந்து நின்று வரவேற்றார்.

"மொதல்ல நல்ல செய்தி. கார் விஷயத்துல உங்க மேல குத்தமே இல்லைன்னு முடிவு பண்ணிட்டோம். உங்ககிட்ட கார் இல்லைங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? கார் இருக்கிற மனுஷி இந்தக் கோலத்துல வருவாளா?"

எனக்கு நாற்காலியில் உட்கார வேண்டும்போல் இருந்தது. "அப்ப வீடு எனக்குத்தானே?" என்றேன்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். மேப்பிள் இல்லம் சும்மா கார் இல்லாதவங்களுக்கு இல்ல பெர்னடின். கார் இல்லாம சௌகரியமா வாழறவங்களுக்கு." அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அந்தப் பார்வையில் நிஜமான அக்கறை இருந்தது. "நீங்க நனைஞ்சிருக்கீங்க. நடுங்குறீங்க. நேரத்துக்கும் வர முடியல. உங்களை அங்க வச்சிருந்தா இந்த ஊரோட முதலிடம் என்னத்துக்கு ஆகும்? நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. பஸ், கார், தள்ளியது, பள்ளம். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லி, அதற்கு அவர் அன்பாக ஒரு பதில் சொல்லி, அதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அலுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்கிறேன் என்றேன்.

"எப்படி வீட்டுக்குப் போவீங்க?" என்று பதறினார் ஹால்வர்சன். "இந்தக் குளிர்ல நடக்க விடுவேனா? விசாரணைதான் முடிஞ்சுபோச்சே, இனிமே தாராளமா ஏத்திக்கலாம். வாங்க, நானே கொண்டுபோய் விடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சாவியை எடுத்தார். என் கால்கள் என்னைக் கேட்காமலே அவர் பின்னால் நடந்தன. காரில் ஏறி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கைக்கு அடியில் சூடேற்றும் வசதி வைத்திருந்தார்கள். நனைந்த துணி வழியாக அந்தச் சூடு மெல்ல முதுகில் ஏறியது. நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் என் காலடித் தடங்கள் ஜன்னலுக்கு வெளியே பின்னால் ஓடின.

"சௌகரியமா இருக்கா பெர்னடின்?" என்றார் ஹால்வர்சன்.

சௌகரியமாகத்தான் இருந்தது. அதற்குத்தான் அழுகை வந்தது.